தண்ணீர் இல்லாத படித்துறை

நான் ஓட்டுவது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே சுற்றும் பேருந்து. ஊருக்கு வெளியே இன்னொரு ஊர் போலக் கிடக்கிறது அந்த இடம். நூலகம், விடுதி, மருத்துவமனை, மாட்டுப் பண்ணை, மைதானம், ஒரு பள்ளிக்கூடம்கூட உண்டு. திரும்பிய பக்கமெல்லாம் ஆராய்ச்சி. என்னத்தைக் கண்டார்களோ! என் இடுப்பு வலிக்கு இன்றுவரை ஒருவரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

பள்ளி விட்டதும் ஒரு சிறுமி ஏறுவாள். இடது பக்கச் சன்னல்தான் வேண்டும். இறங்கவே மாட்டாள். வண்டி சுற்றச் சுற்ற அவளும் சுற்றுவாள். பம்பரம் என்று பெயர் வைத்தேன்.

யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை நான்.

“ஏய், இறங்குற எண்ணம் இருக்கா இல்லையா?”

“எங்கம்மா வேலை முடிஞ்சதும் இறங்கிடுவேன் தாத்தா. தாவரவியல் துறையில ஆராய்ச்சி பண்றாங்க.”

“துறையாம் துறை! எனக்குத் தெரிஞ்ச துறை படித்துறை ஒண்ணுதான். ஆத்துல இருக்கும், இறங்கிக் குளிக்கலாம். இங்க சொட்டுத் தண்ணி இல்லாம ஊர்ப்பட்ட துறை!”

அவள் யோசித்தாள். “இங்க எல்லாரும் படிக்கிறாங்களே. அப்போ இதுவும் படித்துறைதானே?”

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

தாவரவியல் கட்டடம் வந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொள்வாள். மாடிச் சன்னலில் வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பாள். பம்பரம் கை ஆட்டுவாள். அம்மா நிமிரவே மாட்டாள். கட்டடம் பின்னால் போய்விடும். பம்பரம் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“உள்ள போய்ப் பார்க்க வேண்டியதுதானே?”

“சின்னப் பிள்ளைங்களை விடமாட்டாங்க. நான் எழுந்திருக்கிறப்பவே அம்மா கிளம்பிடுவாங்க. ராத்திரி வீட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வந்துடும்.”

ஒருநாள் உத்தரவு வந்தது; எல்லாத் துறை வாசலிலும் ஒட்டியிருந்தார்கள். சாலையைத் தோண்டப் போகிறார்களாம். நாளை முதல் வண்டி அந்தக் கட்டடத்தின் பின்பக்கமாகப் போக வேண்டும். அங்கே வெறும் சுவரும் பின்வாசல் படியும்தான். சன்னல் கிடையாது.

சொன்னேன். பம்பரம் சன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இன்னைக்கு மட்டும் ஒரு தடவை ஹாரன் அடிங்க தாத்தா.”

“இந்தச் சாலையில அடிச்சா என் வேலை போயிடும். உள்ள இருக்கிற கருவிக்குக் காது வலிக்குமாம்!”

பம்பரம் எழுந்து ஒவ்வோர் இருக்கையாகப் போனாள்.

“அக்கா, என்கூடச் சேர்ந்து கை ஆட்டுறீங்களா? அண்ணா, நீங்களும். என் ஒரு கை எங்கம்மாவுக்குத் தெரிய மாட்டேங்குது.”

செல்போனில் தலையைப் புதைத்திருக்கும் கூட்டம். இவர்களாவது, கை ஆட்டுவதாவது என்று நினைத்தேன்.

வழுக்கைத் தலைப் பேராசிரியர் ஒருவர் கேட்டார்: “எந்தக் கைம்மா? வலதா, இடதா?”

“ரெண்டும் சார்!”

கட்டடம் வந்தது. வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியில் பார்க்கிறேன், வண்டி முழுக்கக் கை! பேராசிரியர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறார்.

மாடியில் அந்த அம்மா நிமிர்ந்தாள். யாருக்கோ ஆட்டுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் மகளைக் கண்டாள். ஓடிவந்து சன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். வண்டி திரும்பும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

“பார்த்துட்டாங்க,” என்றாள் பம்பரம், தனக்குத்தானே.

மறுநாள் பின்பக்க வழி. அதே இருக்கையில்தான் இருந்தாள். ஆனால் வெளியே பார்க்கவில்லை. சுவரில் பார்க்க என்ன இருக்கிறது?

நான் பார்த்தேன். பின்வாசல் படியில் வெள்ளை அங்கியோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

பிரேக்கை மிதித்தேன். “படித்துறை! படித்துறை!” என்று கத்தினேன்.

யாரும் இறங்கவில்லை. அம்மாதான் ஏறினாள்.

“ஒரே ஒரு சுத்துதான் கண்ணு. அப்புறம் நான் போகணும்.”

பம்பரம் நகர்ந்து சன்னலோரத்தை அம்மாவுக்குக் கொடுத்தாள்.

அன்றைக்கு மாட்டுப் பண்ணை அருகே ஒரு கிழட்டு மாடு எங்கள் வண்டியை முந்திக்கொண்டு போனது. போகட்டும், அதற்கு என்ன அவசரமோ!