மூன்று முறை விரிந்த குடை

விட்ட மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவள் ஈரக் குடையின் பட்டனை அழுத்தினாள். டப்... விரிந்தது. மடக்கினாள். டப்... மறுபடி மடக்கி அழுத்தியபோதுதான் பக்கத்தில் நின்றவன் முகத்தில் நீர் வழிவதைக் கண்டாள்.

“ஒரு தடவைன்னா தெரியாம பட்டுதுன்னு விட்டுடலாம்... மூணு தடவைன்னா ஏதோ பழைய பகைங்க.”

கண்ணில் கோபமே இல்லை. இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று தயங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாதிக் குடையை அவனுக்குக் கொடுத்தாள். அவன் பள்ளி ஆசிரியனாம். இது எப்படித் தானாக விரிகிறது என்று கேட்டான். தண்டுக்குள் ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கும். சின்னக் கொக்கி ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கும். பட்டன் கொக்கியை விலக்கியதும் ஸ்பிரிங் நிமிர்ந்து எல்லாக் கம்பிகளையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றான்.

“ஆபீஸ்ல... சொன்னாங்க.”

அது அம்மாவின் சொல். தொழிற்சாலை என்று கேட்டதுமே ஒரு சம்பந்தம் கைநழுவிப் போனதிலிருந்து, மகளுக்கு ‘ஆபீஸ் வேலை’ என்றுதான் அம்மா சொல்லிவருகிறாள்.

அதன்பின் எத்தனையோ மழை. பாதிக் குடை போதாமல் போனதே இல்லை... ஒருநாள் அவன் தன் அக்காவோடு பெண் கேட்டு வந்தான்.

அம்மா ‘ஆபீஸ்’ என்றாள். நல்லவேளை, ஃபேக்டரிப் பெண் என்றால் எங்கள் பக்கம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள் அக்கா.

வாயைத் திறக்காவிட்டால் இவன் எனக்கு... அவள் அவனைப் பார்த்தாள். கதவோரம் விரித்துக் காயவைத்த தன் குடையைப் பார்த்தாள்.

“ஆபீஸ் இல்லீங்க. குடை ஃபேக்டரி. குடை சரியா விரியுதான்னு பார்க்கற வேலை. நான் சரின்னு சொல்லாம அங்கேருந்து ஒரு குடையும் வெளியே போகாது.”

அம்மா கண்களை மூடிக்கொண்டாள். அவன் எழுந்து போய்க் குடையை எடுத்தான். போகிறானா...

மடக்கினான். டப். மறுபடி டப். இன்னொரு டப். அக்காவின் முகமெல்லாம் தண்ணீர்.

“அக்கா, ஒரு குடையை யாரு மூணு தடவை விரிச்சுப் பார்ப்பாங்க? குடைக் கடையில கேட்டேன். அது ஃபேக்டரிக்காரங்க கைப்பழக்கம்னாங்க. அப்பவே தெரியும். இவங்க வாயால வரட்டும்னு இருந்தேன்.” அவள் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியது. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... அந்த வேலையோட சேர்த்து.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “போதும்டா, நனைச்சது. ஏம்மா, என் குடை காத்தடிச்சா திரும்பிக்குது... நீ பார்த்து நல்லதா ஒண்ணு எடுத்துக் குடேன்.”

அவர்களை வழியனுப்பும்போது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, பெண்ணுக்கு எந்த ஆபீஸ் என்று கேட்டாள். அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

“ஆபீஸா? என் பொண்ணு குடை ஃபேக்டரில இருக்கா.”