பொக்கைச் சுவர்

தான் விருது வாங்கியபோது எடுத்த புகைப்படத்தை மாட்டுவதற்காக ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆணியும் சுத்தியலுமாக முக்காலியில் ஏறிய பொறியாளர், பழக்க தோஷத்தில் சுவரை ஒருமுறை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். சுவர் பொக்கையாக ஒலித்தது.

பழைய அரண்மனைகளையும் மண்டபங்களையும் இடிந்து விழாமல் காப்பதுதான் அவருடைய இருபத்தாறு வருட உத்தியோகம். அந்த வேலையில் இருப்பவர்கள் சுவரைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதுதான் அதிகம். உள்ளே கெட்டியாக இருந்தால் 'டக்'கென்று சத்தம் விரலுக்கே திரும்பி வரும். பூச்சு விட்டுப்போய் உள்ளே காற்று நின்றால் 'டொப்'பென்று எங்கோ தள்ளிப் போய் விழும். இப்போது கேட்டது டொப். ஆனால் அவர் தட்டிய இடம் சுவர்கூட அல்ல, அடுக்குமாடிக் கட்டடத்தின் தூண். கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றியது. அதற்குள் ஒரு எறும்பு நுழையக்கூட இடம் கிடையாது.

ஒரு முழம் தள்ளித் தட்டினார். டொப். இறங்கி, எதிர்ச் சுவருக்குப் போய்த் தட்டினார். அங்கேயும் அதே.

"என்னங்க, ஆணி அடிக்கப் போறீங்களா, செவுத்துக்கு வைத்தியம் பாக்குறீங்களா?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"இங்க வந்து ஒரு தட்டு தட்டிப் பாரு."

அவள் வந்து தட்டினாள். டக். அவள் தட்டினால் கெட்டி, அவர் தட்டினால் பொக்கை. ஆணியையும் சுத்தியலையும் முக்காலியில் வைத்துவிட்டு, படத்தைச் சுவர் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தார்.

அன்று மாலையே அந்த வாசனை வந்தது. கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லக் கரைசலையும் சுண்ணாம்பில் ஊற்றித் தொட்டியில் வாரக்கணக்கில் புளிக்க வைத்தால், துவர்ப்பும் இனிப்புமாக நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு நெடி உண்டு. பழைய கட்டட வேலை நடக்கும் இடங்களில் அது சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிவிடும். ஆனால் அவர் வேலைத்தளத்துக்குப் போய் இரண்டு மாதமாகிறது. குளியலறையைக் கழுவிவிடச் சொன்னார், தலையணை உறையை மாற்றச் சொன்னார், சன்னல்களைத் திறந்து வைத்தார். மனைவிக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்கு மட்டும் ஒவ்வொரு மூச்சிலும் வந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது அல்ல. வெளியே விடும்போது.

செவ்வாய்க்கிழமை பகலில், தன்னிடம் முன்பு வேலை பார்த்த கொத்தனாரைக் கூப்பிட்டார். சுவரைத் தட்டியே உள்ளே எந்தக் கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர். கரண்டிக் கைப்பிடியால் தூணைத் தட்டினார், சுவரைத் தட்டினார். பொறியாளர் விடாப்பிடியாகச் சொன்னதால் ஓரிடத்தில் உளியால் கொத்தியும் பார்த்தார். கம்பி தெரிந்தது, கல் தெரிந்தது. பொந்து எதுவும் இல்லை. பொறியாளர் குனிந்து பார்க்கப் பக்கத்தில் வந்தபோது கொத்தனார் இன்னொருமுறை தட்டினார். கை அப்படியே நின்றுவிட்டது.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"செவுரு கெட்டியாத்தான் இருக்கு. நீங்க கிட்ட வந்தாத்தான் பொக்கை சத்தம் வருது." கொத்தனார் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டார். "சத்தம் செவுத்துலேர்ந்து வரல சார்."

வாசல் வரை அவர் முதுகைக் காட்டாமலேயே நடந்தார்.

பொறியாளர் சோபாவில் உட்கார்ந்தார். மூன்று வருடமாக நினைக்காமல் இருக்கப் பழகியதை நினைக்க வேண்டி வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் அரண்மனையைப் பழுதுபார்த்தபோது அவரிடம் வேலை பார்த்த ஒரு மனிதரை, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். அளவெடுப்பது அவர் வேலை. அளவு நாடா, தூக்குக்குண்டு, நோட்டுப் புத்தகம். ஒரு நூல் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து அளப்பார். அவர் வீட்டில் சாம்பார்கூட ரசமட்டம் வைத்துத்தான் ஊற்றுவார்கள் என்று வேலையாட்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த அரண்மனையின் சபை மண்டபத்தில், எட்டடி அகல வடக்குச் சுவருக்குள் காலியிடம் இருப்பதைத் தட்டிக் கண்டுபிடித்ததும் அவர்தான். சுவர் உள்ளே உளுத்துவிட்டது, சுண்ணாம்புக் குழம்பைக் குழாய் வழியாக உள்ளே ஏற்றி நிரப்பிவிடலாம் என்று பொறியாளர் எழுதியிருந்தார். ரசமட்டம் கூரையில் ஒரு பலகைக் கல்லைப் பெயர்த்து, உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். தலை முழுக்க நூலாம்படை, முகம் முழுக்கச் சந்தோஷம்.

"சார், இது பொக்கை இல்ல. படிக்கட்டு. கட்டினவன் வேணும்னே விட்ட எடம். இத அடைச்சா நாம காப்பாத்துறவங்க இல்ல, கொல்றவங்க."

அது மட்டுமென்றால் பேசித் தீர்த்திருக்கலாம். ஒப்பந்தக்காரர் பொறியாளரின் மைத்துனன். சுண்ணாம்பில் சிமெண்ட் கலந்து நேரத்தை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தான். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, உள்ளேயே உப்புப் பூத்து, பத்து வருடத்தில் பழைய கல்லெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிரும். பொறியாளருக்கு அது தெரியும். ரசமட்டத்துக்கும் தெரிந்துவிட்டது. தலைமை அலுவலகத்துக்கு நாலு பக்கக் கடிதம் எழுதி, அனுப்புவதற்கு முன் அதைப் பொறியாளரிடமே கொண்டுவந்து காட்டினார்.

"உங்ககிட்ட சொல்லாம அனுப்புறது மரியாதை இல்ல சார். நாளைக்கு உள்ள அளவ முடிச்சிட்டு, சேத்தே அனுப்பிடுறேன்."

அன்றிரவு மைத்துனன் தொலைபேசியில் அழாத குறையாகப் பேசினான். "அத்தான், அந்த லெட்டர் போச்சுன்னா நாம ரெண்டு பேரும் தெருவுலதான்."

மறுநாள் மதியம் பொறியாளர் கூரைக்கு ஏறிப் போனார். திறப்பின் ஓரத்தில் ரசமட்டத்தின் செருப்புகள் ஜோடியாக இருந்தன. ஆழத்தில் அளவு நாடா இழுபடும் சரசரப்பு. எண்களைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் குரல். பொறியாளர் சற்று நேரம் நின்று கேட்டார். பிறகு, இரண்டு ஆள் சேர்ந்து தூக்கவேண்டிய பலகைக் கல்லைத் தனியாகவே, சத்தமில்லாமல், அங்குலம் அங்குலமாக நகர்த்தித் திறப்பை மூடினார். கீழே இறங்கினார்.

"ஆரம்பிக்கலாமா சார்? உள்ள யாரும் இல்லையே?" என்று பம்பு ஓட்டுகிறவன் கேட்டான்.

"யாரும் இல்ல."

கால் மணி நேரத்தில் சுவருக்குள் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. ஓர் இடைவெளி. மறுபடி மூன்று. பம்புக்காரன் காதைச் சாய்த்தான். பின்பக்கம் கொத்தனார்கள் வேலை பார்க்கிறார்கள், நீ ஓட்டு என்றார் பொறியாளர். குழம்பு ஏற ஏறத் தட்டலும் சுவரில் மேலே ஏறிக்கொண்டே போனது, ஒவ்வொரு படியாக. பொறியாளர் மறுபடி கூரைக்குப் போனார். பலகைக் கல் லேசாக ஆடியது. அவர் அதன் மேல் ஏறி நின்றார். உள்ளங்காலில் தட்டல் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் நின்றுவிட்டது.

கடன் தொல்லையில் ஆள் எங்கோ போய்விட்டார் என்று பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவர்தான். ரசமட்டத்தின் மனைவி மூன்று முறை அலுவலகத்துக்கு வந்தாள், புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு. "ஆளுக்குப் பிரியம் இருந்தா வருவாரும்மா" என்று அனுப்பி வைத்தார். அவள் அழவில்லை, சாபம் கொடுக்கவில்லை. "அளவ பாதியில விட்டுட்டுப் போற ஆளு இல்லீங்க அவரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முழு ஆளைச் சுவரில் மறைத்து, அந்தச் சுவருக்கே விருதும் வாங்கிவிட்டார்.

புதன்கிழமை இருமல் தொடங்கியது. கைக்குட்டையில் சளி இல்லை. வெள்ளையாகப் பொடி இருந்தது, விரலால் தேய்த்தால் நறநறத்தது. வியாழக்கிழமை அலுவலக மாடிப்படி ஏறும்போது, அவர் கால் ஒவ்வொரு படியில் பட்டபோதும், அரை நொடி கழித்து, நெஞ்சுக்குள் இன்னொரு கால் ஒரு படியில் பட்டது. அவர் நின்றார். அது நிற்கவில்லை. இன்னும் ஒரு படி ஏறிவிட்டு நின்றது.

அன்று சாயங்காலம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, விலா எலும்புகளுக்குள் ஏதோ மெல்லிதாக இழுபட்டது. தகடு தகட்டில் உரசும் சரசரப்பு. ஒரு முனை அடிவயிற்றில் பிடிபட்டது. மறுமுனை மேலே ஏறியது, நிதானமாக, தொண்டைக் குழி வரை. பிறகு மிகத் தாழ்ந்த குரல்.

"ஒரு அடி... எட்டு அங்குலம்."

"என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"நான் ஒண்ணும் சொல்லல."

"உங்க வாயிலேர்ந்துதாங்க வந்துச்சு."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். உடம்பு கனத்தது, ஈரச் சாக்கு மாதிரி. இடுப்பிலிருந்து மேலே குளிர் ஏறிக்கொண்டிருந்தது. எங்கேயும் சிந்தாத, சமமான, மட்டம் பார்த்து ஏற்றிய குளிர்.

வெள்ளிக்கிழமை மாலை மருத்துவரிடம் போனார்கள். காத்திருக்கும் கூடத்தில் குழந்தைகள் அழுதன. யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள். உள்ளே, அவர் முதுகில் ஒரு விரலை அழுத்தி வைத்து, இன்னொரு விரலால் அதன் மேல் தட்டினார் மருத்துவர். பொறியாளருக்குத் தெரிந்த வேலைதான். தன் தொழிலையே தன் முதுகில் கேட்டார்.

டக். டக். டக். கல்லைப்போலக் கெட்டி.

மருத்துவர் முகம் சுருங்கியது. விரலைக் கழுத்துக்குக் கீழே நகர்த்தித் தட்டினார். டொப். டொப். டொப்.

ஓர் இடைவெளி.

உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது.

மருத்துவர் கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கையை அவர் கோட்டில் துடைத்துக்கொள்வதைப் பொறியாளர் பார்த்தார். "ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்" என்றார் மருத்துவர், வேறெங்கோ பார்த்து.

படம் எடுத்த பெண் வெளியே வந்து, படம் சரியாக விழவில்லை என்று சொல்லி, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று எடுத்தாள். இரண்டையும் மருத்துவர் வெளிச்சப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் செருகினார். 

முதல் படத்தில், கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரல் வெள்ளையாக இருந்தது. பாதி நெஞ்சு வரை. அந்த வெள்ளையின் மேல்விளிம்பு கோடு கிழித்ததுபோல நேராக, ஒரு நூல்கூடச் சாயாமல் நின்றது. அதற்கு மேலே, விலா எலும்புகளுக்கு நடுவே, குறுகலான படிகள். படிகளில் முழங்காலை மடித்துக் குனிந்த ஓர் உருவம். கட்டைவிரல் அளவு.

இரண்டாவது படத்தில் வெள்ளை கழுத்தெலும்பு வரை வந்திருந்தது.

படிகள் மூழ்கிவிட்டன. உருவம் மேலே வந்திருந்தது. பெரிதாகவும் ஆகியிருந்தது. ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தது. முகம் தெரியவில்லை. அது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"மெஷின் கோளாறா இருக்கும்" என்றார் மருத்துவர். அவர் குரலை அவரே நம்பவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி உள்ளே வந்தாள். "என்னங்க ஆச்சு? டாக்டர் என்ன சொல்றாரு?"

பொறியாளருக்குச் சட்டென்று எல்லாம் சொல்லிவிடத் தோன்றியது. மூன்று வருடத்தில் முதல்முறையாக. அவர் உள்ளே இருந்தார், எனக்குத் தெரியும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். வடக்குச் சுவரைத் திறங்கள் என்று சேர்த்துச் சொன்னால் போதும். ஒருவேளை அது நின்றுவிடும். ஒருவேளை அது கேட்பது அதைத்தான்.

வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை. மூச்சும் வரவில்லை. தொண்டையில் குளிர்ந்த ஏதோ ஒன்று வழியை முழுக்க அடைத்துக்கொண்டு நகர்ந்தது. தாடை இன்னும் விரிந்தது, அவர் விரிக்காமலேயே. காதருகே எலும்பு நெரிந்தது.

மனைவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த பை நழுவியது.

நாக்குக்குப் பின்னாலிருந்து நான்கு விரல் நுனிகள் வெளியே வந்தன. சுண்ணாம்பு அப்பி வெளுத்தவை. கல்லைச் சுரண்டிச் சுரண்டி நகம் இருந்த இடத்தில் சதை மட்டும் மிஞ்சியவை. கண் தெரியாதவன் விளிம்பைத் தேடுவதுபோல அவை அவருடைய கீழ் வரிசைப் பற்களை ஒவ்வொன்றாகத் தடவின. பிறகு இறுகப் பிடித்துக்கொண்டு, மேலே ஏற எம்பின.