ஃப்ளெக்ஸில் இல்லாத முகம்

செல்போன் அலறியபோது அறிவரசனின் மோதிர விரல் சோப்பு நுரைக்குள் இருந்தது.

பெரம்பலூர் நகைக்கடை. நாளைக் காலை நிச்சயதார்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிந்தால் தாலி. போன வாரம் அளவு கொடுத்துச் செய்த மாப்பிள்ளை மோதிரம்... இன்று பாதி விரலில் நின்று அடம்பிடித்தது.

"ஏங்க, ஒரே வாரத்துல விரல் மட்டும் எப்படிங்க குண்டாகும்?" மணப்பெண் அனிதா சிரித்தாள்.

"கடை ஷட்டர்ல நசுங்கிடுச்சு."

ஷட்டருக்குப் பல் உண்டா?

உண்டு. அந்த ஷட்டரின் பெயர் கொளஞ்சி.

நேற்று சாயங்காலம், ரெட்டிபாளையம் பக்கம், கல் வெட்டி முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். விளிம்பில் இரண்டு பால்ய நண்பர்கள்.

"நிச்சயத்துக்கு முன்னாடி ஜெயங்கொண்டத்து விஷயத்த அனிதாகிட்ட நீயே சொல்லிடு மாப்ள," என்றான் கொளஞ்சி.

ஜெயங்கொண்டத்து விஷயம் என்பது அறிவரசனின் முதல் கல்யாணம். பந்தல் பிரித்த கையோடு விவாகரத்தில் முடிந்தது. அனிதா வீட்டுக்குத் தெரிந்தால் அனிதாவும் போவாள், சீதனமாக வரவிருந்த எறையூர்க் கரும்புக்காடும் போகும்.

"சொல்லலன்னா?"

"சொல்லித்தான்டா ஆகணும்."

அவ்வளவுதான். ஒரு தள்ளு.

சரிந்த கொளஞ்சி அவன் கையைப் பிடித்துத் தொங்கினான். பிடி வழுக்க... விரலைப் பல்லால் பிடித்தான்.

அறிவரசன் அந்த முகத்தில் உதைத்தான். கீழே தண்ணீர் ஒரு தடவை சத்தம் போட்டு அடங்கியது.

இப்போது, நகைக்கடையில் அலறிய போனை எடுத்தான்.

"அரியலூர்லேர்ந்து எஸ்.ஐ. மதுரைவீரன். நகைக்கடையில இருக்கறதா உங்க வூட்ல சொன்னாங்க. வாசல்லதான் நிக்கிறேன்."

அறிவரசன் விரலை மறுபடி சோப்பு நுரைக்குள் முக்கினான்.

எஸ்.ஐ. உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"கொளஞ்சி உங்க ஃப்ரெண்டுதானே? கல்லுப் பள்ளத்துல கெடந்தாரு. இப்பதான் வெளிய எடுத்தோம். கடைசியா உங்ககிட்டதான் போன்ல பேசியிருக்காரு."

அறிவரசன் அழுதான். காலையில் பாத்ரூமில் ஒத்திகை பார்த்த அழுகை. ஒத்திகையைவிட நன்றாகவே வந்தது.

"தவறி விழுந்துட்டானா சார்?"

"அப்படித்தான் நெனைக்கிறோம்."

தப்பித்தான்.

அனிதா வெளிறிப்போய் நின்றாள். கண்ணைத் துடைத்தாள்.

"ரிசப்ஷன் ஃப்ளெக்ஸ்ல, வாழ்த்துறவங்க வரிசையில கொளஞ்சி அண்ணன் படந்தானே மொதல்ல இருக்கு? பஸ் ஸ்டாண்டுல கட்டி, அவங்க அம்மா கண்ணுல பட்டா..."

எண்ணை அழுத்திவிட்டாள்.

"அனிதா, அப்புறம் பேசிக்க..." போனைப் பிடுங்கக் கை நீட்டினான். சோப்பு. வழுக்கியது.

ஃப்ளெக்ஸ் கடை செல்லதுரைக்கு மெஷின் சத்தத்தில் கத்தியே பழகிய தொண்டை. ஸ்பீக்கர் தேவையில்லை.

"சொல்லு தங்கச்சி!"

"கொளஞ்சி அண்ணன் படத்த எடுத்துடுங்கண்ணே."

"அதான் மாப்ள காலையிலேயே போன் போட்டு எடுக்கச் சொல்லிட்டாரே! நல்லாருக்கற மனுசன் படத்த ஏங்க எடுக்கணும்னு கேட்டேன். கல்யாண ஃப்ளெக்ஸ்ல அந்த மூஞ்சி இருந்தா அமங்கலம்னாரு!"

எஸ்.ஐ. தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

கொலைக்குப் பயப்படாத பயல்... சகுனத்துக்குப் பயந்திருந்தான்.

எஸ்.ஐ. நிதானமாக ஒரு துணியை எடுத்தார். அறிவரசனின் விரலிலிருந்த நுரையைத் துடைத்தார். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. அழகான பல் தடம்.

"கடை ஷட்டர்ல நசுங்கிடுச்சு சார்."

"எந்தக் கடை ஷட்டர் தம்பி?"

அனிதா அந்த விரலையே பார்த்தாள்.

"ஜெயங்கொண்டத்து விஷயத்துக்காகவா?"

"உ... உனக்கெப்படி...?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே கொளஞ்சி அண்ணன் சொல்லிட்டாரு. நல்லவன்தான்மா, கட்டிக்கன்னு என் கால்ல விழாத குறை. சரி, அத மாப்ள வாயால ஒரு தடவ சொல்லட்டும்னேன். எனக்குத் தெரியும்னு காட்டிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

சத்தியத்தைக் கொளஞ்சி காப்பாற்றிவிட்டான். தண்ணீர் வாயை மூடும்வரை.

எஸ்.ஐ. அறிவரசனின் மணிக்கட்டைப் பிடித்து விலங்கை மாட்டினார். அதற்கு அளவு பார்க்க வேண்டியிருக்கவில்லை.

போனில் செல்லதுரை இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, அப்ப பிரிண்ட் போட்டுடவா?"

"இன்னும் ரெண்டு படத்த எடுத்துடுங்கண்ணே."

"யாரு யாரு?"

"மாப்ள படம். அப்புறம் என் படம்."

மெஷின் நின்றது. முதல் தடவையாகச் செல்லதுரை மெதுவாகப் பேசினான்.

"அப்ப மிச்சம் முப்பது பேரும் கையக் கூப்பிக்கிட்டு யாரத்தான்மா வாழ்த்துறாங்க?"