ஆறு சட்டங்கள், இருபத்து நாலு பேர்

மூன்றாவது சட்டத்தைச் சுற்றி ஐந்து பேர் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர்தான் இருக்க வேண்டும்.

உயிரியல் ஆசிரியர், அதாவது பிள்ளைகளின் வாயில் தவளை சார், அதைப் பெரிதுபடுத்தவில்லை. பள்ளிக்குப் பின்னால், உயரமான கம்பிவேலிக்குள் புல்லும் முள்ளுமாகக் கிடந்த அந்த இடத்துக்குத் தலைமையாசிரியர் ‘உயிர்ப்பன்மை ஆய்வுப் பூங்கா’ என்று பலகை வைத்த நாளிலிருந்து, சும்மா புதராக இருக்கும் உரிமைகூட அதற்குப் போய்விட்டது. அங்கே ஒரு மீட்டர் சதுர மரச்சட்டங்கள் ஆறை வீசிப் போட்டு, சட்டத்துக்கு நாலு பேராக உட்கார்ந்து, உள்ளே எத்தனை செடி, எத்தனை நத்தை என்று எண்ணி, அதை வைத்து மொத்த இடத்துக்கும் கணக்குப் போட வேண்டும். சார் பிள்ளைகளையும் அப்படித்தான் எண்ணுவார். ஒரு குழுவைப் பார்ப்பார், ஆறால் பெருக்குவார், வருகைப்பதிவு முடிந்தது. “தலையை எண்ணுறது கிளார்க் வேலைங்க. விஞ்ஞானின்னா மதிப்பிடணும்” என்பார் ஆசிரியர் அறையில். அவர் விஞ்ஞானி என்பதும் அவருடைய மதிப்பீடுதான்.

“யாரும்மா அது, கூட வந்து ஒட்டிக்கிட்டது?”

“நாங்க நாலு பேர்தான் சார்” என்றான் ஒருவன், நிமிராமல்.

ஐந்தாவது தலை நிமிர்ந்தது. அவருடைய மகள்.

“நீயா? உன் குழு எது?”

“இதுதாம்ப்பா.”

அவளை எந்தக் குழுவில் போட்டோம் என்று யோசித்தார், தெரியவில்லை. பெருக்கினால் எண்ணிக்கை வரும், முகம் வராது. கசங்கிய புல்லின் பச்சை வாடையும் ஈரமண் வாடையும் மூக்கில் ஏறின. இத்தனை நேரம் காதைக் குடைந்துகொண்டிருந்த பூச்சிகளின் ரீங்காரம் எப்போது நின்றதென்று புரியவில்லை. தாளில் பென்சில்கள் உரசும் சத்தம் மட்டும், அதுவும் எல்லாம் ஒரே தாளத்தில். நாலாவது சட்டத்துக்குப் போனார். அங்கேயும் ஐந்து பேர். அங்கேயும் அவள், பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு.

ஐந்தாவதில். ஆறாவதில். திரும்பிப் பார்த்தால் முதல் இரண்டிலும்.

கேட்டுக்கு ஓடினார். வெளியே பூட்டு. அந்தப் பக்கம் காவலாளி.

“அண்ணே, திறங்க! சீக்கிரம்!”

“எத்தனை பேர் உள்ள போனாங்களோ அத்தனை பேரைத்தான் வெளிய விடணும். ஹெட்மாஸ்டர் உத்தரவு.”

“இருபத்து நாலு.”

“எண்ணினீங்களா, பெருக்கினீங்களா?”

தவளை சார் கேட்டைத் தள்ளினார். பூட்டு அசையவில்லை.

பின்னால் காலடிகள். பிள்ளைகள் தாங்களாகவே வரிசையில் வந்து நின்றிருந்தார்கள். காவலாளி கேட்டை ஓர் ஆள் நுழையும் அளவு திறந்து, ஒவ்வொரு தோளாகத் தட்டி வெளியே விட்டான். இருபத்து மூன்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னும் ஒண்ணுதான் சார். அத்தோட நீங்களும் வந்துருங்க.”

உள்ளே ஆறு பேர் நின்றார்கள். அதே பின்னல். அதே முழங்கால் தழும்பு. ஆறு பேரும் அழுதார்கள்.

“அப்பா.”

“அப்பா, நான்தாம்ப்பா.”

வெளிச்சம் மங்கியது. “பூட்டப் போறேன்” என்றான் காவலாளி.

சார் பக்கத்தில் நின்றவளைப் பிடித்து உலுக்கினார். “அம்மா உன்னை வீட்ல என்னன்னு கூப்பிடுவா?”

“எலிக்குட்டி.”

சரியான பதில். வேறென்ன வேண்டும்? மற்ற ஐந்து பேரை அவர் கேட்கவில்லை. கையைப் பிடித்தார். இழுத்தார். வெளியே வந்தார்.

பூட்டு விழுந்தது. காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு பள்ளிக் கட்டடத்தின் மூலையில் திரும்பி மறைந்தான்.

அழுகை நின்றது.

முழுதாக நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். வேலிக்குள் நாலு பேர் அசையாமல் நின்றார்கள், கண்ணீர் இல்லாத முகங்களோடு, அவரையே பார்த்தபடி. ஐந்தாமவள் மட்டும் கம்பியில் விரல்களைக் கோத்து, மூக்கு ஒழுக, மூச்சு முட்ட, விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.

நாலு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

அவர் கையை உதறினார். அந்தச் சின்னக் கை விடவில்லை.

“வாங்கப்பா” என்றது. “வீட்டுக்குப் போலாம்.”