அழாமல் சொல்லுங்கள்

ஐஸ் கம்பெனியின் கூரையிலிருந்து வெள்ளைப் புகை இறங்கி மீனவர் குடியிருப்பை நோக்கி நகர ஆரம்பித்தபோது, ஜெனோபா டீச்சர் பாலத்துக்கு இந்தப் பக்கம் மீன் சந்தையில் நின்றிருந்தாள். நெடி லேசாக மூக்கில் ஏறியதுமே அமோனியா என்று புரிந்துவிட்டது. குடியிருப்பில் மகள் அன்சி தனியாக இருந்தாள். டீச்சர் சட்டென்று பையைத் திறந்தாள். கைப்பேசியை எடுத்தாள்.

"ஏட்டி அன்சி, வெளிய ஓடி வாட்டி! ஐஸ் கம்பெனில கேஸ் லீக்காயிட்டு, நம்ம வீட்டுப் பக்கமாத்தான் வருது. ஈரத்துணிய மூஞ்சில கட்டிக்கோ. பக்கத்து வீட்டு ஆளுகள்ட்டயும் சொல்லு! சீக்கிரம்ட்டி!" பாதிக்கு மேல் அழுகைதான் வந்தது.

மகள் கைப்பேசித் திரையின் மூலையைப் பார்க்கிறாள் என்று டீச்சருக்குத் தெரியும். அங்கே சிவப்பு எரிந்திருக்கும்.

"குரல நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றாள் அன்சி, மரியாதையாகவே. "ஆனா ஆள் மாறி வந்துட்டீங்க. எங்கம்மா யாருன்னு விசாரிச்சுட்டு வந்திருக்கலாம்."

இணைப்பு போயிற்று. மறுபடி அழைத்தால் மணியே அடிக்கவில்லை. சிவப்பு எரிந்தால் துண்டி, எண்ணை முடக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே டீச்சர்தான்.

அந்த விளக்குக்கு ஐயமானி என்று பெயர். யார் குரலையும் யார் முகத்தையும் யார் எண்ணையும் எவரும் நொடியில் செய்துகொள்ளும் காலம். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஒரு போலிக் காணொளி பரவி, போர்வை விற்க வந்த அண்ணன் தம்பி இருவரை இதே சந்தையில் அடித்தே கொன்றார்கள். அதைக் கண்ணால் பார்த்த ஜெனோபா வகுப்பில் மூன்று கேள்விகள் கற்பித்தாள். செய்தி உன்னை அவசரப்படுத்துகிறதா? அதில் அழுகை இருக்கிறதா? பிறருக்கும் சொல்லச் சொல்கிறதா? அப்படியென்றால் நம்பாதே. கேள்விகள் பாடநூலில் ஏறின, பிறகு எல்லாக் கைப்பேசிகளிலும் கருவியாக ஏறின. யார் வாயையும் யாரும் அடைக்கவில்லை. எவரும் எதையும் பேசலாம், ஓரத்தில் ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான். பேச்சுரிமைக்காரர்களும் அரசாங்கமும் ஒரே மேடையில் கைதட்டிய அதிசயம் அது. டீச்சருக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தக் கேள்விகள் தப்பென்று இன்றைக்கும் சொல்ல முடியாது. கொடுமையே அதுதான்.

பாலத்தில் ஓடிக்கொண்டே கத்தினாள். எதிரே வந்தவர்கள் நின்றார்கள். நின்று, கைப்பேசியை அவள் வாய்க்கு நேரே நீட்டினார்கள். நேரில் நின்று கதறுகிற ஆளையும் ஐயமானியிடம் காட்டி ஊர்ஜிதம் செய்துகொள்வது ஊருக்கு வழக்கமாகியிருந்தது. அவளிடம் படித்த சூசை ஆட்டோவை நிறுத்தினான்.

"நீங்கதான்னு தெரியுது டீச்சர். ஆனா செவப்புல்லா காட்டுது? கொஞ்சம் நிதானமா சொல்லுங்க."

"லேய், நான் சொல்லுததை விடு. அந்தப் புகையைப் பாரு!"

அவன் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினான். "கம்பெனிக்காரங்களே போட்டிருக்காங்களே."

'வழக்கமான பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. வெளிவருவது நீராவி மட்டுமே. பொதுமக்கள் வீட்டிலேயே இருக்கலாம்.'

அவசரம் இல்லை. அழுகை இல்லை. யாருக்கும் சொல்லச் சொல்லவில்லை. ஓரத்தில் பச்சை பளிச்சென்று எரிந்தது.

தெருமுனையிலேயே, அதற்குள் வந்து சேர்ந்திருந்த தீயணைப்பு வீரர்கள் அவளைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். முகமூடி போட்ட ஒருவர் அன்சியைத் தூக்கி வந்தார். வீட்டு ஜன்னல்கள்கூடச் சாத்தவில்லையாம். அவள் கையில் இறுகியிருந்த கைப்பேசியில் அந்தப் பச்சை அறிவிப்பு திறந்திருந்தது. வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து டீச்சர் புருஷன் சேசுராஜை அழைத்தாள். அவன் வடக்கே ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தான். "ஏங்க, நம்ம புள்ள போயிட்டாளே..." என்று தொடங்கியவள் அதற்கு மேல் அழுதாள்.

"ஏம்மா, பொம்பளப் புள்ளைய வச்சா விளையாடுவீங்க?" என்றான் அவன். "வேற பொழப்பு பாருங்க." துண்டித்து, எண்ணையும் முடக்கிவிட்டான்.

ஒரு நர்ஸ் தன் கைப்பேசியைக் கொடுத்தாள். "அக்கா, அழாம சொல்லுங்க. அப்பத்தான் எடுபடும்."

ஜெனோபா குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பாதியில் உடைந்து அழுதாள். இன்னொரு முறை ஓட்டினாள். கடைசியில் கம்பெனியின் அறிவிப்பை நினைத்துக்கொண்டு, அதே குரலில் பேசினாள்.

"நான் ஜெனோபா. அன்சி இன்னைக்கு இறந்துட்டா. பெரியாஸ்பத்திரியில வச்சிருக்காங்க. அவசரம் ஒண்ணுமில்ல, மெதுவா வாங்க. யார்ட்டயும் சொல்ல வேண்டாம்."

அங்கே பச்சை எரிந்திருக்க வேண்டும். சேசுராஜ் அலறினான். மகளே, மகளே என்று கதறினான்.

ஜெனோபாவின் கையில் இருந்த திரையின் மூலையில் சிவப்பு எரிந்தது. அவள் கட்டைவிரல், பழகிய பழக்கத்தில், துண்டிக்கும் பொத்தானுக்குப் போயிற்று.