பிணையிருக்கை

பின்சக்கரங்களைக் கழற்றுவதற்கு முன்னால் வண்டியின் உயரத்தை அளக்க வேண்டும். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் அருள்வேந்தன் ஏறி உட்கார்ந்தால்தான் அந்த அளவு செல்லும். அன்றும் அவன் வேர்க்கடலையைக் கொறித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் அக்கா தமயந்தி தரையில் மண்டியிட்டு அளவெடுத்தாள்.

"போதுமாக்கா?"

"இரு, ஆடாதே."

கோயம்புத்தூர்ச் சாலைகளில் ஓடுவதெல்லாம் ஆளில்லாமல் தானே ஓடும் தன்னோட்டிகள். மனிதக் கை ஓட்டும் வண்டிகளுக்கு ஊருக்கு வெளியே ஒரு வட்டப் பந்தயத் தடம் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். தமயந்தியின் பட்டறைக்கு வந்திருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அதில் ஓடுவது. இரண்டே இருக்கை, நூறு வருடத்துக்கும் மேல் பழசு. திருப்பங்களில் பின்பக்கம் அலைகிறது, மேடு பள்ளத்தில் 'டொக்'கென்று சத்தம் வருகிறது என்று சொல்லி அதன் சொந்தக்காரர் விசாகன் விட்டுப்போயிருந்தார்.

கோளாறு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. பின்சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் கைகளில், அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ்கள் காய்ந்து, வெடித்து, தொட்டால் உதிர்ந்தன. தமயந்தி அவற்றைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றை அழுத்திப் பொருத்தினாள். ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினாள். வேலை செய்யும்போது தம்பியை நினைக்காமலிருக்கப் பழகியிருந்தாள்.

ஏனென்றால் தடத்தில் அவள் வேலைக்கு ஜாமீன் அவன்தான். கையால் பழுது பார்த்த வண்டி ஓடினால், பார்த்தவருடைய ரத்த உறவு ஒருவர் அதில் உட்கார்ந்து போக வேண்டும். அதற்குப் பிணையிருக்கை என்று பெயர். ஓட்டுபவரைச் சுற்றிக் காப்புக்கூடு உண்டு, பிணையிருக்கைக்குக் கிடையாது. இருந்தால் மெக்கானிக்குக்குப் பயம் விட்டுப்போகும் என்று சட்டம் எழுதியவர்கள் கருதினார்கள். உரிமம் இழந்தவர்களின் பிணையாட்கள் பொதுப்பிணைக்குப் போவார்கள். அங்கே யார் பார்த்த வண்டி என்று தெரியாமலே எந்த வண்டியிலும் ஏறி உட்கார வேண்டும். அங்கே போனவர்கள் நெடுநாள் இருந்ததில்லை.

இரும்புக் கையை மாட்டுவதற்காக அடிச்சட்டத்தைத் துடைத்தபோது, பெயிண்டுக்கு அடியில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. துணியை அழுத்தித் துடைத்தாள். கோடு போகவில்லை. இரும்புக் கை மாட்டும் இடத்திலேயே அடிச்சட்டம் விரிசல் விட்டிருந்தது.

மாலையில் விசாகன் வந்தார். மென்மையாகப் பேசுகிற மனிதர்.

"வெல்டிங் வச்சுக் குடுத்துருங்க தமயந்தி. ஞாயித்துக்கிழமை ஓட்டம் இருக்குதுங்களே."

"வெல்டிங் தாங்காதுங்க சார். அந்தத் துண்டையே வெட்டி எடுத்துட்டுப் புதுசு போடோணும். ரெண்டு வாரமாவது ஆகும்."

"உங்க தம்பிகிட்டக் கேட்டுப் பாருங்களேன். அவர் உட்காருவார்."

"நான் உட்காருவேன்," என்றான் அருள்வேந்தன். அவன் அக்காவை அவ்வளவு நம்பினான்.

"மாட்டேங்க," என்றாள் தமயந்தி.

விசாகன் கோபப்படவில்லை. "அப்ப குமரேசன் கிட்டப் போயிக்கறேன். இங்க பார்த்தது இங்கயே இருக்கட்டும். சட்டம் தெரியுமில்லீங்க?" என்றார்.

தெரியும். பழுது பார்க்க மறுப்பவர் காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. வண்டியின் குறை அதன் சொந்தக்காரருடைய ரகசியம். பட்டறைக்குள் பேசுவது, தொலைபேசியில் பேசுவது எல்லாவற்றையும் சுவரிலிருந்த ஒட்டுச்செவிக் கருவி கேட்டுக்கொண்டிருந்தது. சொன்னால் உரிமம் போகும், அருள்வேந்தன் பொதுப்பிணைக்குப் போவான்.

மறுநாள் குமரேசன் தொலைபேசியில் அழைத்தார். முன்பு அவளோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர். மனைவி இறந்தபின் மகள் நிலானிதான் அவருக்குப் பிணை.

"ஏனுங்க தமயந்தி, புஷ்ஷெல்லாம் அருமையா மாத்தியிருக்கறீங்க. அப்புறம் ஏன் விட்டுட்டீங்க?"

அவள் ஒட்டுச்செவியின் சின்ன விளக்கைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு அப்பால் பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள்.

"நேரமில்லீங்கண்ணா," என்றாள்.

"வேற ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்கண்ணா."

ஞாயிற்றுக்கிழமை தெற்குத் திருப்பத்தில் சிவப்புக் காரின் பின்சக்கரம் இரும்புக் கையோடு பிய்ந்துபோனது. விசாகனுக்குத் தோள்பட்டை இறங்கியது. நிலானியை வெளியே எடுக்கும்போது உயிரில்லை. சட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது, தகுதியற்ற கை ஒன்று தொழிலைவிட்டு விலக்கப்பட்டது என்று தடத்தின் நிர்வாகம் அன்றைக்கே அறிவித்தது.

காரியம் முடிந்த பின் குமரேசன் பட்டறைக்கு வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. அருள்வேந்தன் நாற்காலி போட்டான். அவர் உட்காரவில்லை.

"அந்த விரிசலை நானும் பார்த்தனுங்க," என்றார்.

தமயந்தி கையிலிருந்த ஸ்பானரை மேசைமேல் வைத்தாள்.

"பார்த்துட்டுத்தான் கூப்பிட்டேன். வெல்டிங் தாங்குமா தாங்காதான்னு எனக்கு மட்டுப்படலை. உங்க கண்ணுல அது படாமப் போகாதுன்னு தெரியும். ஏதாவது இழுத்துப் பேசுனீங்கன்னா வேலையை விட்டுரலாம்னு இருந்தேன். நேரமில்லைன்னு சாதாரணமாச் சொன்னீங்க. சரி, அவங்களே பெருசா எடுத்துக்கலை, தாங்கும்னு நினைச்சுட்டேன். வெல்டிங் நல்லாத்தானுங்க வச்சேன்."

அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். சுவரில் ஒட்டுச்செவியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அருள்வேந்தன் அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். ஒட்டுச்செவிக்கு எட்டாத வேப்பமரத்தடியில் நிறுத்தினான்.

"அவரு கேட்டும் நீ சொல்லலையாக்கா?"

"சொல்லலை."

"என்னாலயா சொல்லாம இருந்தே?"

வேறு காரணம் ஒன்றை அவள் தேடியிருக்கலாம். பயந்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் குமரேசனின் முகம் கண்முன்னே நின்றது. தன் சுமையில் பாதியையாவது யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஆமா," என்றாள்.

அருள்வேந்தன் அவள் கையை விட்டான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, நிலானிக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். மறுநாள் காலையில் அவன் தானாகவே போய்ப் பொதுப்பிணையில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.