சௌந்திரம் சொல்லாத எழுத்து

"ஒரே ஒரு எழுத்து! அதைச் சொன்னா வாயா வெந்துடும்?"

புதுச்சத்திரம் பாதையோரத்து மோட்டார் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கிய கிராம சேவிகா இன்பமேரி, தன் சைக்கிளைப் பார்த்துத்தான் கத்தினாள்.

"எந்த எழுத்துங்க அம்மிணி?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். உள்ளே நெடுநெடுவென்று ஒருவன். மழையில் கழுவிவிட்டது போன்ற கண்கள்... அவற்றில் சிரிப்பு வேறு! எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"ம! என் முதியோர் வகுப்புல சௌந்திரம்னு ஒருத்தி. அவ புருஷன் பேரு மணியனாம். 'மரம்'னு படிக்கச் சொன்னா, 'அவுங்க... ரம்'ங்கிறா! வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றார். பத்துப் பேர் தேறலைன்னா வகுப்பையே மூடிடுவாங்க!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிங்க! நானா இருந்தா புருஷன் பேரை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லுவேன்."

"சொல்லத்தானுங்களே கூடாது? எழுதச் சொல்லிப் பாருங்க."

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? அந்த ஆத்திரத்தில், "சேலத்துல படிச்ச எனக்கே பாடமா?" என்று கொட்டும் மழையில் சைக்கிளை மிதித்தாள்.

மறுநாள் வகுப்பறைக் கூரை ஒழுகியது. கேட்காமலே தன் கடலைக் கொட்டகையைத் திறந்துவிட்டான் அவன். பெயர் செல்லமுத்துவாம். வீம்பை விழுங்கிக்கொண்டு சௌந்திரத்திடம் சிலேட்டை நீட்டினாள் இன்பமேரி. 'மணியன்' என்று முழுசாக எழுதிவிட்டு, முந்தானையால் மூடிக்கொண்டாள் சௌந்திரம்!

அவனோ தினமும் வாசலில் வந்து நின்றான்.

"மூட்டை எடுக்கோணுமுங்க."

"நேத்துத்தானே எடுத்தீங்க?"

"இது வேற மூட்டைங்க."

தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவன் வராத வியாழக்கிழமை... வாசலையே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

வெள்ளிக்கிழமை பத்துப் பேரும் எழுதினார்கள். அதிகாரிக்குத் திருப்தி. "கொட்டகை யாருடையதம்மா?"

வாய் திறந்தாள். 'செ' என்ற எழுத்து மட்டும் வரவில்லை.

"அது... அவுங்களோடது."

எழுதிய கைகள் நின்றன. "அய்யோ டீச்சரம்மா! நீங்களுமா?" என்று சௌந்திரம் கூவ, கொட்டகையே சிரித்தது. வாசலில் ஒரு மூட்டை பொத்தென்று விழுந்தது.

எல்லாரும் போன பிறகு அவன் கேட்டான்: "ஏனுங்க, என்ற பேரு மறந்துபோச்சுங்களா?"

"விளையாடாதீங்க! நாங்க மாதா கோயில், நீங்க மாரியம்மன் கோயில். சேலத்துல எங்கப்பா, 'மாப்பிள்ளை யாரு'ன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?"

"நானே சேலத்துக்கு வாரனுங்க. என்ற பேரை நானே சொல்லிக்கறேன். ஆனா, உங்களுக்குச் சம்மதமான்னு தெரியோணுமுங்களே?"

இந்த மனுஷனோடு... எத்தனை தொல்லை! வெடுக்கென்று சிலேட்டை எடுத்தாள். பலப்பம் கிறீச்சிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அவனிடம் நீட்டினாள்.

செல்லமுத்து.

"எழுதலாம்னு நீங்கதானே சொன்னீங்க...?"